அன்னா பீட்டர்ஸ் என்று இங்கு எவரும் இல்லை

சென்ற மாதம் தபாலில் ஒரு கனமான புத்தகம் வந்தது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் நடுவில் இருக்கிற வின்ட்லோ கவுண்டியினதும், அதன் தலைமைப் பட்டினமான பீட்டர்ஸ் மில்லினதும் வரலாறு அது. கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தில் உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். தேவாலயத்துப் பெண்கள், பழைய ஆசிரியர்கள், தானியக் களஞ்சியத்துக்காரர் எல்லோரும் முடிந்து, ஆகக் கடைசியில் “சுவிற்சர்லாந்திலிருந்து திரு கந்தையா” என்று இருக்கிறது. கந்தையா என் தகப்பனார். கோப்பாயில் புகையிலை நட்டவர். கொழும்புக்கே இரண்டு தரம்தான் போனவர். நெப்ராஸ்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமே இல்லை.

என் பெயர் தவராசா. எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னால் துணைக்கு நிற்கும். அவரவர் பெயர்தான் பெயர். நான் அகதியாக வந்து பதிந்த அன்று, படிவத்தில் குடும்பப்பெயர் என்ற கட்டத்துக்குள் அதிகாரி கந்தையாவை எழுதிவிட்டார். எனக்கு அப்போது மறுத்துச் சொல்ல மொழியும் இல்லை, துணிவும் இல்லை. நாற்பது வருடமாக இந்த நாடு என் தகப்பனைக் கூப்பிடுகிறது, நான் எழும்பிப் போகிறேன். பல் வைத்தியரிடமும் வரிக் கந்தோரிலும் அவர்தான் கந்தையா, பல்லும் வரியும் என்னுடையவை. என் இரண்டு மகள்மாரும் கந்தையாக்கள்.

நான் வேலை செய்த ஆவணக்காப்பகத்தில் இப்போது இருக்கிற பிள்ளைகள் பெட்டி பெட்டியாகப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். ஒரு பெட்டி மட்டும் மற்றவை போல அடுக்கப்படாமல் வேறு ஒழுங்கில் இருக்கிறதே, ஏன் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அந்தப் பெட்டியை அப்படி அடுக்கியவன் நான். அதைத் திருத்த வேண்டாம் என்று சொன்னவர் என் மேலதிகாரி. காரணத்தை ஒரு வரியில் சொல்ல முடியாது. ஆகவே இதை எழுதுகிறேன்.

என் வேலைக் காலத்தின் முதல் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு விடுதியின் குசினியில் மூன்று பனிக்காலம் கோப்பை கழுவினேன். பிறகு லா ஷோ-து-ஃபோனில் ஒரு தொழிற்சாலையில் கைக்கடிகாரக் கூடுகளை மினுக்கினேன். மனைவிக்கு ஃப்ரிபூர்க்கில் வேலை கிடைத்ததால் அங்கே குடிவந்து, ஆவணக்காப்பகத்தில் தரை துடைக்கச் சேர்ந்தேன். களஞ்சியக்காரருக்கு ஒரு நாள் முதுகு பிடித்துக்கொண்டது. பெட்டி தூக்க ஒருவர் வேண்டும் என்றார்கள். தூக்கினேன். இருபத்தாறு வருடம் தூக்கினேன்.

களஞ்சியம் நிலத்துக்குக் கீழே மூன்று தட்டு. கோடையிலும் மாரியிலும் ஒரே குளிர், ஒரே வெளிச்சம். காற்றைக் காய வைக்கிற இயந்திரம் மெல்ல இரைந்துகொண்டே இருக்கும். அங்கே கொஞ்ச நேரம் நின்றால் இன்றைக்கு என்ன கிழமை என்பது மறந்துவிடும். சுற்றுவட்டார ஊர்களின் பிறப்பும் இறப்பும் வழக்கும் வாய்ச்சண்டையும் பெட்டிகளுக்குள் படுத்திருக்கும். அவற்றுக்கு நடுவே துணிச் சப்பாத்தோடு சத்தமில்லாமல் நடப்பேன். மேலே வெயில் அடிக்கிறதா, மழை பெய்கிறதா என்பதை வாசகர்களின் குடைகளைப் பார்த்துத்தான் அறிவேன். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. செத்தவர்கள் என்னை எந்த நாட்டுக்காரன் என்று கேட்டதில்லை.

மேலதிகாரியின் பெயர் ஃப்ராவ் ஷாலர், அதாவது திருமதி ஷாலர். என்னைவிட ஆறு வயது இளையவர். ஒன்பது மணிக்கு ஒரு ஆப்பிளை எட்டாக வெட்டி, ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு தின்பார். தாள்களின் மேல் ஒரு துளி சாறு விழக்கூடாது. பேனையோடு ஒருவரும் உள்ளே வரக்கூடாது, பென்சில் மட்டும்தான். கையுறை போட விடமாட்டார். துணி விரலுக்குத் தாளின் விளிம்பு தெரியாது, கிழித்துவிடுவீர்கள், கையைக் கழுவிக் காய வைத்துக்கொண்டு தொடுங்கள் என்பார். ஒரு பெட்டியைத் தட்டிலிருந்து எடுத்தால், அது இருந்த இடத்தில் யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று ஒரு மஞ்சள் அட்டை வைக்க வேண்டும். ஒரு தரம் நான் அட்டை வைக்க மறந்தேன். அவர் ஒரு சொல்லும் ஏசவில்லை. அந்த வெறும் இடத்துக்கு முன்னால் என்னைக் கூட்டிப்போய் நிறுத்தி, ஒரு நிமிடம் பேசாமல் தானும் நின்றுவிட்டுப் போனார். ஏச்சு வாங்கியிருந்தால் இரவு நித்திரை வந்திருக்கும்.

அவர் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருந்த ஒரு விதி உண்டு. யாராவது ஒரு தாளைத் தேடி வந்து, அது அகப்படாவிட்டால், “கிடைக்கவில்லை” என்று சொல்ல வேண்டும். “இல்லை” என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. நாங்கள் தேடியதைப் பற்றித்தான் எங்களுக்குத் தெரியும், உலகத்தில் இருப்பதைப் பற்றித் தெரியாது என்பார். நானும் தலையை ஆட்டினேன்.

களஞ்சியத்துக்கு வந்த முதல் வருடம் என்னிடம் ஒரு பெட்டியைத் தந்தார். மலையடிவாரத்தில் உள்ள ஒரு கிராமத்தின் கந்தோரிலிருந்து, அதாவது ஊர்ச் சபை அலுவலகத்திலிருந்து வந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. உரியவரைக் கண்டுபிடிக்க முடியாமல் கந்தோரிலேயே கிடந்த பழைய கடிதங்கள். துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றி, தூசியைத் தூரிகையால் தட்டி, அமிலம் இல்லாத தாளில் ஒவ்வொன்றையும் மடித்து வைத்து, அனுப்பியவரின் குடும்பப்பெயர் ஒழுங்கில் அடுக்குங்கள் என்று சொல்லிவிட்டு, முழங்கால் சத்திரசிகிச்சைக்கு லீவில் போய்விட்டார். மூன்று கிழமை அந்தப் பெட்டியோடு இருந்தேன். ஊசி கழற்றியதிலும் தாள் மடித்ததிலும் ஒரு குறை சொல்ல முடியாது. அடுக்கியதில்தான் கை ஊர்ப் பழக்கத்துக்குப் போய்விட்டது. ஒருவனின் பெயர் என்றால் எனக்கு அவனுடைய சொந்தப் பெயர். மற்றது தகப்பன். அதன்படியே அடுக்கிவிட்டேன். என் பெயருக்கு நடந்த கூத்தை வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் புலம்பியவனுக்கு, அந்த மூன்று கிழமையில் ஒரு தரமாவது தலைக்குள் வெளிச்சம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. அவர் திரும்பி வந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, மிகச் சுத்தமாக இருக்கிறது என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பெட்டி தட்டில் ஏறியது.

எட்டு வருடம் போயிருக்கும். ஒரு மத்தியானம் அந்தக் கிராமத்திலிருந்து எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் பஸ் பிடித்து வந்தார். தொப்பி, கறுப்பு மேலங்கி, கழுத்துவரை பொத்தான். அவரை ரோசா என்றே எழுதுகிறேன், குடும்பப்பெயர்களால் எனக்கு நடந்தது போதும். ஃப்ராவ் ஷாலர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். ரோசா தன் அம்மாவின் தகப்பனைப் பற்றிக் கேட்டார். யோசெப் ஆபி என்று பெயர், ஊரில் பீட்டர்ஸ் யோசெப் என்பார்களாம், அதாவது பீட்டரின் மகன் யோசெப். மனைவி செத்துப்போன பிறகு வழியில்லாமல் நின்ற அவனைக் கந்தோரே டிக்கெட் எடுத்து அமெரிக்காவுக்கு ஏற்றி அனுப்பிவிட்டது. மூன்று வயது மகள் அன்னாவை ஒரு பண்ணையில் வேலைக்கு வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளை அப்படிச் செய்வார்கள். அந்த யோசெப் எப்போதாவது மகளுக்கு ஒரு கடிதம் போட்டானா என்பதுதான் ரோசாவின் கேள்வி. அன்னா அவருடைய தாய்.

நான் கீழே போனேன். பெட்டியில் ஆபி என்ற இடத்தில் பார்த்தேன். பீட்டர்ஸ் என்ற இடத்திலும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மேலே வந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அவர் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை உடனே முடித்துவிட வேண்டும் போல எனக்கு இருந்தது.

“இல்லை அம்மா. அப்பிடி ஒரு கடிதமும் இல்லை” என்றேன்.

தனக்கும் அது தெரியும், அம்மாவும் அப்படித்தான் சொன்னவர் என்று சொல்லி, நன்றி கூறி, கையுறை மாட்டிக்கொண்டு போனார். நான் என் சோற்றுப் பெட்டியைத் திறந்தேன்.

பிறகு பன்னிரண்டு வருடம். ஒரு திங்கட்கிழமை வின்ட்லோ கவுண்டியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் கரோல் என்ற பெண். அந்தக் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடத்தில் பதிவேடுகளைப் பார்ப்பவர். என் தொழிற்காரிதான். கவுண்டியின் வரலாறு எழுத ஒரு குழு சேர்ந்திருக்கிறதாம். பட்டினத்தைத் தொடங்கிய ஜோசப் பீட்டர்ஸ் யார் என்பதில் குழுவுக்குள் அடிபாடு. ஒருவர் ஆங்கிலேயன் என்கிறார், இன்னொருவர் ஒல்லாந்தன் என்கிறார். கல்லறைக் கல்லில் மட்டும் மங்கலாக ஒரு ஊர்ப் பெயர் இருக்கிறது, அது உங்கள் பக்கத்து ஊரா என்று கேட்டிருந்தார். கூடவே கவுண்டியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். ஒரு கேள்வி கேட்க வந்தால் தங்கள் ஊரையே மேசையில் பரப்பி விடுவார்கள்.

அந்த இரண்டு பக்கத்தை நான் கீழே, பெட்டிகளுக்கு நடுவில் இருந்து வாசித்தேன். நேரான தெருக்கள், ஒரு பெரிய தெரு, அதன் முடிவில் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு நீதிமன்றம், அதற்குப் பின்னால் வானம். ரயில் வந்தது, பிறகு ரயில் நின்றது. புழுதிக் காற்று மூன்று வருடம் அடித்ததில் பாதிச் சனம் வண்டி கட்டிப் போய்விட்டது. பெரிய சாலையை ஊருக்கு வெளியே போட்டார்கள். போன வருடம் உயர்பள்ளிக்கூடத்தை அடுத்த கவுண்டியோடு சேர்த்துவிட்டார்கள். சோளம் மட்டும் இருக்கிறது, எங்கும் சோளம் என்று எழுதியிருந்தார். அந்தக் குளிரில், இயந்திரத்தின் இரைச்சலில், எனக்குச் சோளக் காற்றுக் கேட்டது போல இருந்தது. ஒரு நாளும் போகாத அந்தப் பட்டினத்தின் தெருவில் நானும் நடந்து போய், மூடியிருந்த கடைகளின் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். கண்ணை விழித்தபோது பெட்டிக்கு மேல் தலை வைத்திருந்தேன்.

பீட்டர்ஸ் என்ற பெயரில் தேடினேன், அகப்படவில்லை. இந்த முறை விதிப்படி “கிடைக்கவில்லை” என்று பதில் போட்டேன். கரோல் நன்றி சொல்லி மறு கடிதம் எழுதினார். ஜோசப்பின் குடும்பத்தில் ஒரு கதை இருக்கிறதாம். கிழவனுக்குக் கோபம் வந்தால் மேசையில் அடித்து, பீட்டர்ஸ் நான் இல்லை, பீட்டர்ஸ் என் தகப்பன் என்று கத்துவானாம். அதன் பொருள் இன்றுவரை ஒருவருக்கும் விளங்கவில்லை, உங்களுக்கு ஏதாவது விளங்குகிறதா என்று கேட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கத்தாமல் விட்ட வசனம் அது. சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஜோசப் என்றால் இங்கே யோசெப். பீட்டரின் மகன் யோசெப். கறுப்பு மேலங்கி, கழுத்துவரை பொத்தான். அப்போதுதான் அந்தப் பெட்டியை அடுக்கியவன் யார் என்பதும், எப்படி அடுக்கினான் என்பதும் நினைவுக்கு வந்தன.

பெட்டியைத் தட்டிலிருந்து இறக்கினேன். யோசெப் என்ற பெயர் இருக்க வேண்டிய இடத்தில், நான் வைத்த இடத்தில், நான் மடித்த தாளுக்குள் பதினொரு கடிதங்கள் இருந்தன. ஊர்க் கந்தோர் மேற்பார்வை, அன்னா பீட்டர்ஸ் என்று முகவரி. ஒவ்வொரு உறையிலும் பென்சிலால் ஒரே கையெழுத்து: “அன்னா பீட்டர்ஸ் என்று இங்கு எவரும் இல்லை.” முதல் இரண்டும் திறந்திருந்தன. ஒன்பது ஒட்டியபடியே இருந்தன.

திறந்திருந்த இரண்டையும் வாசித்தேன். யோசெப்புக்கு எழுத வராது. அங்கே இருந்த ஒரு ஜெர்மன் பள்ளி ஆசிரியர், அவன் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார். தகப்பன் பீட்டர்ஸ் என்றால் மகளும் பீட்டர்ஸ்தானே என்று ஆசிரியர் நினைத்துவிட்டார். யோசெப்புக்கு அதை வாசித்துப் பார்க்கத் தெரியாது. கந்தோர் எழுத்தர் வெளியூர்க்காரராக இருந்திருக்க வேண்டும், ஏட்டில் இருந்த அன்னா ஆபியைத் தெரியும், அன்னா பீட்டர்ஸைத் தெரியாது. ஒருவரிலும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஃப்ராவ் ஷாலரின் மேசையில் கடிதங்களை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடுக்கியதைச் சொன்னேன், ரோசா வந்ததைச் சொன்னேன், “இல்லை” என்று சொன்னதையும் சொன்னேன். ஓய்வு பெற ஆறு வருடம் இருந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எங்கள் ஆட்கள் பெயர் வைக்கிற முறையை ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். என் பெயரையும் தகப்பன் பெயரையும், தகப்பனின் தகப்பன் பெயரையும் எழுதிக் காட்டினேன். நீண்ட நேரம் அதைப் பார்த்தார். அவர் கதைத்தது ஜெர்மன். நினைவில் அது எங்கட தமிழாகவே இருக்கிறது.

“உங்கட ஒழுங்குப்படி பார்த்தால், பெட்டி சரியாய்த்தான் இருக்கு. பிழை என்னெண்டால், அந்த அம்மா எங்கட ஒழுங்கை நம்பி வந்தவ.”

அடுக்கைத் திருத்த வேண்டாம், யோசெப்பைக் காட்டித் தந்தது உங்கட ஒழுங்குதான் என்றும் சொன்னார். இப்ப அந்த அம்மா உயிரோட இருக்கிறாவோ எண்டு முதல்ல பாருங்கோ என்றார். தொலைபேசியை அவரே எடுத்தார். ரோசாவுக்குத் தொண்ணூறு வயது. கண் பார்வை மங்கி, கிராமத்துக்குக் கீழே உள்ள முதியோர் இல்லத்தில் இருந்தார். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, வருவதானால் தாமதிக்காதீர்கள் என்று தாதி சொன்னார்.

ஒட்டியிருந்த ஒன்பதையும் அன்று பின்னேரமே ஃப்ராவ் ஷாலர் திறந்தார். நீராவி பிடிக்கவில்லை, கத்தி எடுக்கவில்லை. எலும்பால் செய்த மெல்லிய தகட்டை உறையின் மடிப்புக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகம் நகமாக நகர்த்தினார். ஒன்றுக்கு இருபது நிமிடம். நூறு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்த தாளிலிருந்து மாவு வாசம் வந்தது என்று நான் சொன்னேன். அது பழைய பசையின் வாசம் என்று அவர் சொன்னார். நான் இன்றைக்கும் மாவு என்றுதான் சொல்வேன், யோசெப் மாவு ஆலைக்காரன்.

முதல் கடிதத்தில் ஊர் இல்லை, புல்தான் இருந்தது. மரமே கிடையாது அன்னா, மண்ணையே பாளம் பாளமாக வெட்டி வீடு கட்டுகிறோம், மழைக்குக் கூரையில் பூப் பூக்கிறது என்று இருந்தது. மூன்றாவது கடிதத்தில் ஆற்றங்கரையில் அவனுடைய ஆலை எழும்பிவிட்டது. நான்காவதில் ஒரு கடையில் ஆட்கள் கூடி, வரைபடத்தில் நாலு கோடு இழுத்து, இதுதான் வின்ட்லோ கவுண்டி என்கிறார்கள். எந்த ஊர் தலைமைப் பட்டினம் என்பதில் இரண்டு ஊருக்கும் சண்டை. பதிவேடுகள் எங்கே இருக்கின்றனவோ அதுதான் தலைமைப் பட்டினம் என்று சட்டம் தெரிந்த ஒருவன் சொல்ல, ஒரு ஞாயிறு காலை மற்ற ஊர்க்காரர் எல்லோரும் பிரார்த்தனையில் இருக்கும்போது, யோசெப் வண்டியைக் கட்டிக்கொண்டு போய், காணிப் பதிவேட்டையும் பிறப்புப் பதிவேட்டையும் மாவு மூட்டைகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டான். ஆலைக்குள் வைத்தான். பிறகு ஆலையைச் சுற்றி நீதிமன்றம் வந்தது, கடை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. கரோலின் குழு பத்து வருடம் தேடிய கதை, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் பதிவேடுகளைத் திருடி ஒரு பட்டினத்தை உண்டாக்கிய கதை, என் பெட்டியில் கிடந்தது. ஃப்ராவ் ஷாலர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

சிரிப்பு நீடிக்கவில்லை. ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரி முடிந்தது. உனக்கு இப்போது எட்டு வயது, உனக்கு இப்போது பதின்மூன்று, உனக்கு இப்போது கலியாணம் ஆகியிருக்கும். பதினோராவதில் இப்படி இருந்தது: நீ பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய். கோபத்தை விடு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆலை வாசலில் நின்றால் கிழக்கே பார்க்கலாம், அந்தப் பக்கம் நீ இருக்கிறாய்.

மறுநாள் நானும் ஃப்ராவ் ஷாலரும் பஸ்ஸில் போனோம். கடிதங்களின் படிகள் என் மடியில் இருந்தன. மூலத்தை வெளியே கொண்டுபோக விதி விடாது. ரோசா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். ஃப்ராவ் ஷாலர் நிமிர்ந்து நின்று, எங்கள் காப்பகத்தில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்று தொடங்கினார். எனக்கு அது பொய் போலக் கேட்டது.

“காப்பகம் இல்லை அம்மா, நான். அண்டைக்கு இல்லை எண்டு சொன்னவன் நான்தான்.”

அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“உம்மை நினைவிருக்கு. நான் சாப்பாட்டு நேரம் வந்திட்டன். உமக்குப் பசி.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது. நான் அழுதேன். ஃப்ராவ் ஷாலர் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரோசா அழவில்லை. வாசியும் என்றார். தொடர்ந்து நாலு நாள், பின்னேரங்களில், நான் மட்டும் போய் வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். புல்லைப் பற்றி, ஆலையைப் பற்றி இன்னொரு தரம் வாசிக்கச் சொல்வார். பதிவேடு திருடிய இடத்தில், எங்கட ஆள்தான், சந்தேகமே இல்லை என்றார். வெளியே மாடுகளின் மணிச் சத்தம் கேட்கும். எனக்கு ஒரு கட்டத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பது குழம்பிவிடும். நெப்ராஸ்காவின் புல் ஜன்னல்வரை வந்து நிற்கும்.

நாலாம் நாள் பதினோராவது கடிதத்தை வாசித்து முடித்தேன். அவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அன்னா ஒவ்வொரு வருடப் பிறப்புக்கு மறுநாளும் பண்ணையிலிருந்து பனிக்குள் நடந்து கந்தோருக்குப் போவாளாம். அன்னா ஆபிக்கு அமெரிக்காவிலிருந்து ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்பாளாம். எழுத்தர் தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்பார். கலியாணம் கட்டிய பிறகும் போனாள். ரோசாவையும் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். எழுத்தரின் முதுகுக்குப் பின்னால் இருந்த தட்டு எட்டாத உயரத்தில் இருந்தது, அதில் கடதாசிப் பெட்டிகள் இருந்தன, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றார் ரோசா. ஏழு வயது மட்டும் தானும் கூடப் போனாராம்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றைத்தான் நான் இருபது வருடம் முன்னால் சுத்தமாக அடுக்கினேன்.

“அந்த அமெரிக்காக்காரிக்கு இதெல்லாம் அனுப்பத்தானே போறீர்?” என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

“அப்ப என்ர பதிலையும் சேர்த்து அனுப்பும். அங்க அவரின்ர கல்லு இருக்காம் எண்டனீர். கல்லுக்கு முன்னால நிண்டு வாசிக்கச் சொல்லும். பேனை எடும்.”

என்னிடம் பென்சில்தான் இருந்தது. தாதியிடம் போய்ப் பேனை வாங்கி வந்தேன். யாருக்கு என்று எழுத என்று கேட்டேன். யோசெப் ஆபிக்கு என்றார். எழுதினேன்.

“கடிதங்கள் எல்லாம் கிடைச்சது எண்டு எழுதும். பிந்தினது எங்கட கந்தோரின்ர பிழை எண்டு எழுதும். கடைசிப் பன்னிரண்டு வருசம் உம்மட பிழை எண்டும் எழுதும்.”

அதையும் எழுதினேன். அவர் மூச்சு வாங்கினார். அந்த மனிதனுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை இருக்கட்டுமே என்று எனக்குப் பட்டது. அன்னா நல்லாய் வாழ்ந்தா எண்டு எழுதட்டோ என்று கேட்டேன்.

“வேண்டாம். பிறத்தியாற்ற வீட்டில மாட்டோட மாடாய்க் கிடந்து வளர்ந்தவ. அதை எழுதி அந்தாளை நோகப்பண்ணவும் வேண்டாம், பொய் எழுதவும் வேண்டாம். ஒவ்வொரு வருசமும் போய்க் கேட்டவ எண்டு எழுதும். சாகிற வருசமும் கேட்டவ. அது காணும்.”

அவர் சொன்னபடியே எழுதி, அவர் கையை வரியில் வைத்துக் கையெழுத்து வாங்கி, அன்றைக்கே தபாலில் போட்டேன்.